பதினேழு இடங்கள்

லாயே நகரத் தகரக் கூரையில் மழை இறங்கினால்
ஆயர் என்ன, தேவதூதனே பேசினாலும்
காதில் விழாது.
மூன்று நாள் ஓயாத பேரவை
அன்று பிற்பகல் அப்படித்தான் வாய் மூடியது.

எனக்கு அது வசதி.
பொது அறிக்கையை ஆங்கிலத்திலிருந்து
டோக் பிசினுக்கு மாற்றுகிறவன் நான்.
முதல் வரியிலேயே நின்றிருந்தேன்.
ஆங்கிலத்துக்கு ஒரே சொல்,
எங்களுக்கு இரண்டு.
யுமி என்றால் நாம்; கேட்கிற நீயும் உள்ளே.
மிபெலா என்றால் நாங்கள்;
நீ வாசலில்.
எண்ணினேன். பதினேழு இடம்.

மழை விட்டதும் எழுந்து கேட்டேன்,
இதில் எது?

"எல்லாம் நாம்தானே, திங்கேயோ!"
சிரித்தார் பிரேசிலிலிருந்து வந்த இல்மார்.
கொக்குஷுபிரா சிரிக்கவில்லை.
பென்சிலைச் சீவிக்கொண்டு
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வேகவைத்த கவ்கவ் கிழங்கு ஆறிக்கொண்டிருக்க
வரி வரியாக இறங்கினோம்.
விசுவாசிக்கிறோம்: யுமி. தகராறில்லை.
பாவம் செய்தோம் என்ற இடத்தில்
யாரும் தனிக்குடித்தனம் கேட்கவில்லை.
எங்கள் மொழியில் பாடுகிறோம், எங்கள் மேளத்தோடு:
மிபெலா, மிபெலா,
அதைச் சொல்லும்போது ஒவ்வொரு மேசையும்
கொஞ்சம் நிமிர்ந்தது.

ஒன்பதாவது வரி,
பெண்களுக்கும் போதகப் பட்டம் தருகிறோம்.

ஔலிக்கி கழுத்துப் பட்டையைத் தளர்த்தினாள்.
பின்லாந்துப் பனியில் இருபத்தாறு வருடம்
அப்பம் பிட்ட கை அது.
"நாங்கள் என்றே போடு," என்றாள்,
"ஆனால் எந்த ஊர் நாங்கள் என்று
பெயரோடு போடு. ஒளிக்காதே."

என் மலைக்காரர் கெபிங் எழுந்தார்.
"நாமும் வேண்டாம், நாங்களும் வேண்டாம்,
அந்த வரியே வேண்டாம்."
நாற்காலி சாய்ந்தது. நிமிர்த்தாமல் போனார்.

அவரும் நானும் ஒரே ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.
எனக்கு அந்த வரி வேண்டும்.
அவருக்குத் தெரியும்.

ஞாயிறு காலை ஔலிக்கி அப்பத்தை உயர்த்தியபோது
கெபிங் வெளிப்படியில் இருந்தார்,
முதுகு எங்களுக்கு,
காது இங்கே.
கடைசிப் பாட்டில் அவருடைய அடிக்குரல்
ஜன்னல் வழியாக வந்து சேர்ந்தது.
அந்தக் குரல் இல்லாமல்
எங்களால் இறங்குசுருதியைப் பிடிக்க முடியாது.

அச்சகத்திலிருந்து பையன் கூப்பிட்டான்.
"அண்ணே, ஒன்பதாம் வரியில் ஒரு சொல் விட்டிருக்கிறது."

விடவில்லை, தம்பி.
யுமி தாராளமாக உட்காரும் அகலம் அது;
மிபெலா என்றால் கொஞ்சம் நெருக்கிக்கொள்ளணும்.
அப்படியே அச்சடி.
ஆள் இன்னும் படியில் இருக்கிறார்.