எச்சில் கணக்கு

ஒஸ்மார்,
வண்டியோடு நீ அனுப்பிய சீட்டு
இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது,
மீன் வாடை போகாமல்.

'பெரிய ஊசி மூன்றரைச் சுற்று.
சூடு பார்க்க, எஞ்சின் தலையில் ஒரு துளி எச்சில்.
மூன்று விநாடியில் வற்றினால் சரி.
தொட்டதும் பொரிந்தால் காந்துகிறது என்று அர்த்தம்.
ஊசியைத் திற. கூடக் கொஞ்சம் குடிக்கட்டும்.'

அரிக்காவில் கடலைப் பார்த்தபடி எழுதியிருப்பாய்.
நான் எல் ஆல்ட்டோவில் வைத்துப் படித்தேன்,
கடல் உங்கள் பக்கம் போய்ச் சேர்ந்து
நூறு வருஷத்துக்கு மேலான ஊரில்,
அதற்கும் நாலாயிரம் மீட்டர் உயரத்தில்.

முதல் ஞாயிறு, பந்தாட்டப் புழுதித் திடல்.
இழுகயிற்றை நாற்பது தரம் இழுத்தேன்,
அப்புறம் எண்ணவில்லை.
உறுமியது. நகர்ந்தது.
ஈர விறகாய்ப் புகைந்து
பாதித் திடலில் உட்கார்ந்துவிட்டது.
விரலில் எச்சில் தொட்டு வைத்தேன்.
சுர்.
ஒன்று என்று சொல்லி முடிக்கக்கூட விடவில்லை.

திறந்தேன், எட்டில் ஒரு பங்கு சுற்று.
பூட்டுக் கடைக் கை இது,
எட்டில் ஒரு பங்கு அதற்குத் தெரியும்.
அந்த அளவில்தான்
ஒரு தகரம் சாவியாவதும் ஆகாமல் போவதும்.

இன்னும் புகை.
மறுபடி எச்சில், மறுபடி சுர்.
மறுபடி திறந்தேன்.

நான்கு ஞாயிறு, ஐந்து குளோ பிளக்.
ஒவ்வொன்றும் கழற்றும்போது
அழுத மூக்காய் நனைந்திருந்தது.
அதைப் பார்த்தேன், ஒஸ்மார். பார்த்தும்
உன் சீட்டைத்தான் நம்பினேன்.

மினிபஸ் ஓட்டும் செலெடோனியோ
எரிபொருள் பழசு என்றான்.
அவன் மச்சான் கிளட்ச் என்றான்.
டிக்கெட் கிழிக்கும் பையன்
வண்டிக்குக் கண்பட்டிருக்கிறது என்றான்.
மாடியில் குடியிருக்கும் நர்ஸ் நெமேசியாவிடம்
தெர்மாமீட்டர் கேட்டேன்.
அது நாற்பத்திரண்டு டிகிரியோடு நின்றுவிடுமாம்.
அதற்கு மேல் போனால் அளந்து என்ன செய்ய என்றாள்.
போனில் நீ கேட்டது ஒன்றே ஒன்று:
"பொரியுதா? அப்ப திற."

வியாழன் இரவு அதே நெமேசியா
கையில் குக்கர் மூடியோடு இறங்கி வந்தாள்.
"ரப்பர் விட்டுப்போச்சு. திறந்த சட்டியில
ஒரு மணி நேரமா தளதளன்னு கொதிக்குது,
கிழங்கு கல்லாட்டம் கிடக்கு.
உன்கிட்ட வாஷர் இருக்கா?"

இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்த கை
அப்படியே நின்றது.

கொதிக்கிறது. வேகவில்லை.

இங்கே தண்ணீருக்கு அவசரம்.
எண்பத்தாறு, எண்பத்தேழு டிகிரியிலேயே
எழுந்து ஆடத் தொடங்கிவிடும்.
குக்கர் இல்லாமல் கிழங்கு வேகாது என்பது
பால்பல் விழும் முன்பே எங்களுக்குத் தெரியும்.
என் எச்சிலும் இந்த ஊர்த் தண்ணீர்தானே!
சுர்ரென்றது சூடு இல்லை, உயரம்.

காற்றே பாதிதான் கிடைக்கிற வாய்க்கு
நான்கு ஞாயிறாய்க் கஞ்சி ஊற்றியிருக்கிறேன்.

வாஷரைக் கொடுத்தேன். அவள் ஏறிப்போனதும்
திருப்புளியை எடுத்தேன்,
நீ கை வைக்காதே என்று நினைத்திருக்கும்
மூன்றரையையும் தாண்டி மூடினேன்,
இரண்டேமுக்காலில் நிறுத்தினேன்.

ஐந்தாம் ஞாயிறு எச்சிலை விழுங்கிவிட்டேன்.
எரிபொருள் குழாயை மட்டும் இரு விரலால் நசுக்கிப் பார்த்தேன்.
குரல் ஒரு இழை ஏறியது,
அப்புறம்தான் அணைந்தது.
போதும்.

நீலமாய் ஒரு கோடு புகை.
தகர டப்பாவில் பட்டாணி குலுக்கிய சத்தம் போய்
புதுத் துணியைக் கிழிக்கிற சத்தம், முடிவில்லாமல்.
மூன்று நாய்கள் துரத்த
அது போனது, போனது,
ரிமோட் எட்டும் தூரத்தையும் தாண்டிப் போய்
எதிர்க் கோல் கம்பத்தில் மோதி நின்றது.
செலெடோனியோ தோளைத் தட்டி,
"எரிபொருள்னு சொன்னேன்ல" என்றான்.
ஆமாம் என்றேன்.

உன் சீட்டில் மூன்றரையை அடித்துவிட்டேன்.
எச்சில் வரியை அடிக்கவில்லை,
பக்கத்தில் 'அரிக்காவில் மட்டும்' என்று எழுதியிருக்கிறேன்.

கார்னிவலுக்கு வா.
முதல் இரண்டு நாள் தலை பிளக்கும்,
படுத்துக்கொண்டே எனக்கு யோசனை சொல்லலாம்.
வரும்போது முன் சக்கரத்துக் கை ஒன்று வாங்கி வா.
இடப்பக்கம்.