யாருடைய தூண்டுதலும் இன்றி

மஞ்சக்குப்பத்தில் வக்கீல் தமயந்தியின் அறைக்குப்
படி பதினேழு.
இன்னாசி எண்ணிக்கொண்டே ஏறினான்,
பதினொன்றில் தடுமாறிக்
கீழே போய் முதலிலிருந்து தொடங்கினான்.
வயது ஐம்பத்தாறு.
நான் நடுவழியில் கைப்பிடியைப் பிடித்து நின்றேன்,
முழங்காலுக்கும் அது வசதியாக இருந்தது.

"சொத்து விவரம் சொல்லுங்க, செசிலி மேடம்."
முதுநகரில் ஓட்டு வீடு,
ஆயிரத்து நூற்று நாற்பது சதுர அடி.
தானே புயல் பிய்த்த கூரைக்கு வாங்கிய கடன்
ஓய்வு பெற்ற மாதம்தான் தீர்ந்தது.
நெல்லிக்குப்பம் சாலையில் மூணு சென்ட்.
தபால் ஆபீஸ் டெபாசிட்.
அம்மாவின் இரட்டை வடம்,
இப்போது ஒற்றை வடம்.

"தம்பி பேருக்கு நேரா எழுத வேணாம்.
ஒரு மிட்டாய் கொடுத்துக் கையெழுத்து வாங்கிடுவாங்க.
டிரஸ்ட்டா வைங்க.
வீடு அதுக்குள்ள இருக்கும்,
அவர் வீட்டுக்குள்ள இருப்பார்."

அப்போது சொல்ல ஆரம்பித்தேன்.
காலை ஆறரைக்கு டீ, இரண்டு ரஸ்க்,
ஒன்று உடைந்திருந்தாலும் தொடமாட்டான்.
சங்கரா மீனென்றால் முள்ளெடுத்துக் கொடுக்கணும்.
இடி இடித்தால் பீரோவைத் திறந்து
என் சேலைகளுக்குள் தலையை நுழைத்துக்கொள்வான்,
அதனால் சேலைகளை
யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது.
தமயந்தியின் விரல்கள் ஓடின. திரையில் படித்தேன்:
'பயனாளியின் உணவு, உடை, மருத்துவம்
மற்றும் இதர பராமரிப்பு.'
இதரவுக்குள் எங்கோ
இடி இருந்தது.

"மத்ததைத் தனிக் கடிதமா எழுதி வைங்க.
கோர்ட்டுக்கு வேணாம், பார்த்துக்கிறவங்களுக்கு வேணும்."
முப்பத்து நாலு வருஷம்
ஊரார் கடிதத்தில் முத்திரை குத்திய கை.
இதை யார் பேருக்கு எழுத?
மெஹருனுக்கு என் வயசுதான், சர்க்கரை வேறு.
பெலிக்ஸுக்கு ஓசூரில் வேலை.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து எழுதினேன்:
பெறுநர், அப்போது இருப்பவர்.

சாட்சிக்கு ரெண்டு பேர் வேண்டும் என்றார்.
மெஹருன் என்றேன். அவளுக்குப் பின்கட்டு அறை
எழுதியிருக்கிறதே, கூடாது.
பெலிக்ஸ்? அவனுக்கு அந்த மூணு சென்ட்.
"உங்க சட்டப்படி, சாட்சி போட்டவங்களுக்கு எழுதினது
செல்லாமப் போயிடும்."
யோசித்து யோசித்து ஒவ்வொரு பேராக அடித்தேன்.
ஒன்றும் கொடுக்காமல் விட்டவர்களில்
தெரிந்தவர் யாருமில்லை.
கடைசியில் கீழே ஜெராக்ஸ் கடைப் பையன் வந்தான்,
பட்டா மாற்ற வந்து டோக்கனோடு உட்கார்ந்திருந்த
குறிஞ்சிப்பாடி அம்மா ஒருத்தி வந்தாள்.
முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுப்
பேரை எழுத்துக்கூட்டிப் போட்டாள்.
என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.
"நல்லாயிரு தாயி" என்றாள், என்னைவிடச் சின்னவள்.

சார்பதிவாளர் வாசித்தார்:
"முழு சுயநினைவோடும்,
யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றியும்
எழுதிக்கொடுத்த உயில். சரிதானேம்மா?"
தூண்டியவன் பக்கத்து நாற்காலியில்
கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.
எனக்கு வந்த இரண்டு வரனையும் திரும்ப அனுப்பியவன்,
திருச்சி பிரமோஷனை வேண்டாமென எழுதவைத்தவன்,
ஒரு வார்த்தைகூட வற்புறுத்தாதவன்.
சரிதான் சார் என்றேன்.

நான் விரல் வைத்ததும் அவனும் நீட்டினான்.
"அவருது தேவையில்லம்மா."
ஆனாலும் குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார்.
ஜெராக்ஸ் பில்லின் பின்பக்கம்
பத்து விரலும் வைத்தான்,
வைத்துவிட்டு ஒவ்வொன்றாய் எண்ணினான்.
இந்த முறை தடுமாறவில்லை.

கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்:
மை என்றால் அவனுக்கு ஆசை.
சோப்புக்குப் போகாது.
தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைக்கவும்.
நகக்கண்ணில் கூசும்,
அங்கே விட்டுவிடவும்.