பெரும்பான்மைக்கு என்ன வினை

வடாலா கிழக்கு, பாலம் இறங்குமிடம்.
ஜெராக்ஸ் கடையின் பின்பக்கத்தில்
நான்தான் இங்கிலீஷ்.
மனு, வாடகை ஒப்பந்தம், பெயர்த் திருத்தம்,
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.

ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கியபின்
குனிந்து உள்ளே வந்தார் கதம்,
எங்கள் சால் சங்கத்தின் செயலாளர்.
குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.
குறிப்பேடு மட்டும் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரம்.
பெரும்பான்மையினர் பில்டருக்குச் சம்மதம்,
நாளைக் காலை வக்கீலுக்கு வேண்டும்,
நல்ல இங்கிலீஷில், என்றார் இந்தியில்.

மெஜாரிட்டி என்று அடித்தேன்.
அடுத்த சொல்லுக்கு விரல் நகரவில்லை.
ஹேஸ்ஸா
ஹேவ்வா.

தமிழ் இதைத் தடியால் தீர்த்துவைக்கும்.
கூட்டம் வந்தது, உட்கார்ந்தது, கோஷம் போட்டது,
அதுவரை அஃறிணை.
முதல் அடி விழுந்ததும்
ஓடினார்கள்.

இங்கிலீஷ் தடி எடுக்காது.
நம்பருக்கு முன்னால் 'ஏ' நின்றால் பலர்,
'தி' நின்றால் ஒரே ஓர் எண்.
ஒரு குட்டிச் சொல் மாறினால் போதும்,
தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற முகமெல்லாம்
கட்டத்துக்குள் ஓர் இலக்கம்.
முந்நூறு சதுர அடி, இஸ்.
அளவு எத்தனை பெரிதானாலும் ஒருமைதான்.
அதில் குறுக்கே நெடுக்கே படுக்கிற ஆறு பேர், ஆர்.
நன் என்றால் இஸ்ஸும் சரி, ஆரும் சரி:
ஒருவரும் இல்லாத இடத்தில்
இலக்கணம் கறாராக இருப்பதில்லை.

ஹேஸ் போடு, என்றார் கதம்,
எட்டிப் பார்த்து,
என் தயக்கத்தை மட்டும் படித்து.
வக்கீல் சொல்லியிருக்கிறாராம்,
மெஜாரிட்டி என்றால் ஒரே ஆள் மாதிரி.

ஒரே ஆள்.
அவருக்கு எத்தனை கை என்று பார்க்கக்
கையெழுத்துப் பக்கத்தைத் திருப்பினேன்.
ஐம்பத்தெட்டு வீட்டில் நாற்பத்தொன்று.
லூர்தம்மாள், பெருவிரல், மை சிந்திய பெருவிரல்.
இட்லி வண்டி சுடலையாண்டி,
வெங்காயக் கணக்கு எழுதுகிற அதே பென்சில்.
தையற்கடை நஸீம் உருதுவில், வலமிருந்து இடமாக.
ரஞ்சனா காம்ளே, கீழே அடிக்கோடு,
அதற்கும் கீழே
ஒரு ஃபோன் நம்பர், யாரும் கேட்காமலே.
சம்மதித்தவர்கள் ஒவ்வொருவரும்
ஒவ்வொரு விதமாய்ப் பயந்திருந்தார்கள்.

முப்பத்தேழாவது: செண்பகம்.
சி-யில் தொடங்கியிருந்தது.

பதினொரு வருடமாக அடுத்தவர் பெயர்களைத்
திருத்திக் கொடுக்கிறவள் நான்.
என் செண்பகம் எஸ்-ஸில் தொடங்கும்,
ரேஷன் கார்டில், பேங்கில், பள்ளி டிசியில்.
அந்த சி-யின் வளைவு தெரிந்த கைதான்.
தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தரும் கை,
என் கொழுந்தனின் கை.

கதம் குடையை உதறிக்கொண்டிருந்தார்.

மெஜாரிட்டியை அழித்தேன்.
எழுத்தெழுத்தாகப் பின்வாங்கியது கர்சர்.
ஃபார்ட்டி ஹேவ், என்று அடித்தேன்.
முற்றுப்புள்ளி.
ஒன் ஹேஸ் நாட்.

இத்தனை நேரம் இடம் தேடிய ஹேஸ்
அங்கே போய் உட்கார்ந்தது,
எனக்கென்றே தைத்த ரவிக்கை போல.

பிரின்டர் இருமி இருமித் தாளைத் துப்பியது.
அவர் வாசிக்கவில்லை.
வாசித்துக் காட்டு என்றும் கேட்கவில்லை.
மடித்துப் பைக்குள் வைத்தார்.
நாளை வக்கீல் வாசிப்பார்.
இன்றிரவு நான் வீட்டுக்குப் போக வேண்டும்,
கொழுந்தன் வாசலில் செருப்பு கிடக்கும் வீட்டுக்கு.

மேசைமேல் மூன்று பத்து ரூபாய்த் தாள்,
ஒன்றோடொன்று ஒட்டிப்போய், ஈரமாய்.
பிரித்து எண்ணினாலும்
முப்பது ரூபாய், இஸ்.