காறை எலும்பு

எங்கள் ஊருக்கு மலை என்றால்
ரயில்வே கேட் மேடுதான்.
அதில் ஏற கியர் மாற்றுகிறவனை
திருத்துறைப்பூண்டியில் யாரும் டிரைவர் என்று சொல்வதில்லை.
ஸ்பிட்டிக்குப் போகணும் என்று
மாட்டு டாக்டர் மெஹருன்னிஸா
வண்டியைப் பட்டறையில் நிறுத்தியபோது
நான் பார்த்திருந்த கல் தண்டவாளத்து ஜல்லி.

"முன் சக்கரம் ரெண்டும் தனித்தனி.
ஒண்ணு ஏறினா இன்னொண்ணுக்குச் சேதி போகாது.
எனக்கு ஒரே அச்சா வேணும், பக்கிரி."

திருச்சி ஏலத்தில்
பட்டாளத்து ஜோங்காவின் முன்னச்சு,
கிலோ கணக்கில், பழைய இரும்பு விலைக்கு.
சுரண்டினால் பச்சை,
அதற்கடியில் வேறொரு பச்சை,
அதற்கும் கீழே யாரோ உளியால் வெட்டிய எண்.
அதை மட்டும் தேய்க்காமல் விட்டேன்.

மூன்று நாள் வெட்டினேன்.
டார்ஷன் கம்பியின் பதினொரு வருஷ முறுக்கு
ஒரு பெருமூச்சில் அவிழ்ந்தது.
மேல் கை, கீழ் கை, சி.வி. ஜாயின்ட்,
கறுத்த கிரீஸோடு தரையில் கிடந்தன.
சாயங்காலம் வந்த டாக்டர்
குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
"மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது, தெரியுமா?
முன்னங்கால் ரெண்டும்
உடம்போட எலும்பால சேரலை.
சதையிலதான் தொங்குது.
அது பாட்டுக்கு வரப்பு ஏறுது, இறங்குது."

கட்டரின் சூடு இன்னும் ஆறவில்லை.
இதை முந்தாநாள் சொல்லியிருக்கலாம்.

அச்சின் குண்டு ஆயில் சம்ப்பில் இடித்தது.
மூன்றங்குலம் தூக்கினேன்.
தூக்கியதில் காஸ்டர் கோணம் கெட்டது.
ஆப்பு வைத்துக் கோணத்தைத் திருப்பினால்
புரொபல்லர் கம்பி முறைத்தது,
பாகம் பிரித்த வீட்டில்
கடைசித் தம்பி முறைப்பதுபோல்.
பக்கக் கம்பியும் ஸ்டியரிங் கம்பியும்
ஒரே சாய்வில் போகணும்.
நடவுக்குக் கயிறு பிடிக்கிற மாதிரி
நூல் பிடித்துப் பார்த்தேன், இரவு பதினொன்று வரை.
ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஏஜெண்டு எட்டிப் பார்த்தார்.
"நான் இதைப் பாக்கலை" என்றார்,
என் டீயைக் குடித்துவிட்டு.

முள்ளியாற்றுக் கரையில் சோதனை.
இடது சக்கரம் மதகுத் திட்டின் மேல்,
வலது சக்கரம் நண்டு தோண்டிய பள்ளத்தில்.
நாலும் மண்ணைத் தொட்டன.
டாக்டர் இறங்கி
ஒவ்வொரு டயருக்கு அடியிலும் விரலை விட்டுப் பார்த்தார்,
சினை பார்க்கிற முகத்தோடு.

வேதாரண்யம் சாலையில்
அறுபத்தைந்தைத் தொட்டதும்
ஸ்டியரிங்குக்குச் சாமி வந்தது.
நாங்கள் பேசிய வார்த்தைகள் பல்லில் இடித்து உடைந்தன.
ஒரு போல்ட் ஓட்டை அரை மில்லி பெரிசு.
அரை மில்லி.
டிரில் பிடித்த கை என்னுடையது.

ஐப்பசியில், ஆலத்தம்பாடிக்கு அப்பால்
ஈன முடியாமல் கிடந்த பசுவுக்கு
அந்த வண்டியில்தான் போனோம்.
சேற்றில் இறங்கிய அச்சு
பரம்புக் கட்டையாகிவிட்டது.
வண்டலை முன்னால் தள்ளிக்கொண்டே போய்
அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது.
டாக்டர் பையைத் தலையில் வைத்து
நடந்துவிட்டார்.
நான் பானெட்டில் உட்கார்ந்து மழையை வாங்கினேன்.

இழுக்க வந்த டிராக்டருக்கும்
முன்னால் ஒரே அச்சு,
நடுவில் ஒரே ஒரு பின்.
ஓட்டி வந்த ஜெயசீலன் குனிந்து என் வேலையைப் பார்த்தான்.
"நம்ம வண்டியில இருக்கிறதுதானே"
என்று மட்டும் கேட்டான்.
சங்கிலி மாட்டினான்.

இடுப்பளவு சேற்றோடு திரும்பிய டாக்டர்
கையை முழங்கைக்கு மேல் வரை கழுவிக்கொண்டே சொன்னார்:
"ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடந்துச்சு.
நிமித்தினதும்
ரெண்டும் சேந்து வந்துருச்சு."

வைகாசியில் ஸ்பிட்டிக்குக் கிளம்புகிறார்.
கழற்றிய கைகளை
நான் இன்னும் எடைக்குப் போடவில்லை.
எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி
பரணில் வைத்திருக்கிறேன்.
டாக்டருக்கு இது தெரியாது.