நூற்றுக்குப் பத்து

எக்கோ எடுத்த பிள்ளை
இருபத்தெட்டு என்றாள்.
"முப்பத்தஞ்சு எடுத்தாத்தானம்மா பாசு?"
படுத்தவாக்கில் கேட்டார் இவர்.
நெஞ்சில் பூசிய பசையைத் துடைக்கப் பஞ்சைத் தந்தாள்,
சிரிக்கவில்லை.

உச்சிமாகாளி என்றால் நயினார்குளம் மார்க்கெட்டில்
லாரிக்காரனும் ஒதுங்குவான்.
ஒரே முதுகில் இரண்டு மூட்டை பல்லாரி.
ஆடியில் ஒருநாள் நெஞ்சு கரிக்கிறது என்றார்.
பன்னீர் சோடா குடித்தார், ஏப்பம் வந்தது,
மறுபடி மூட்டைக்குப் போய்விட்டார்.
அன்றைக்கே அதில் ஒரு பக்கம் செத்துவிட்டதாம்.
வீட்டுக்குள் ஒரு சாவு விழுந்தது தெரியாமல்
மூன்று மாதம் மீன் குழம்பு வைத்திருக்கிறேன்.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
டாக்டர் மருந்துச் சீட்டின் முதுகில் படம் போட்டார்.
மூன்று குழாயும் அடைப்பு.
தசை திடமாயிருந்தால் நூற்றுக்கு இரண்டு பேர்,
இப்படி இளைத்த இதயம் என்றால்
நூற்றுக்குப் பத்து பேர் வரை
என்று இழுத்துவிட்டு
பேனாவை மூடினார்.
"புரியுதாம்மா?"

எனக்கா புரியாது?
முக்கூடலில் பதினோரு வயதில்
கத்தரியும் இலையும் பிடித்த கை இது.
சுற்றிக் கொண்டுபோகிற பீடியில்
கணக்கப்பிள்ளை கைவிட்டு அள்ளி
நூற்றுக்குப் பத்து கழித்துப் போடுவார்.
ஒரே இலை, ஒரே தூள், ஒரே நூல்.
கழித்ததற்கும் கழியாததற்கும்
சுற்றிய எனக்கே வித்தியாசம் தெரியாது.
அந்தக் கைக்குத்தான் பயந்தேன்.

"செய்யலைன்னா?" என்றேன்.
அந்தக் கணக்கை அவர் நூற்றில் சொல்லவில்லை,
வருஷத்தில் சொன்னார். ஒரு கை விரல் போதும்.
கையெழுத்துப் போட்டேன்,
நகக்கண்ணில் புகையிலைத் தூளோடு.

பக்கத்துக் கட்டில் டோனாவூர் அருள்தாசன்.
அவருக்கு நாற்பத்தைந்து.
செவ்வாய் காலை தள்ளிக்கொண்டு போனார்கள்.
அவர் செருப்பு மட்டும் வியாழன் வரை
கட்டிலுக்கடியில் கிடந்தது.
மகன் வந்து பேப்பரில் சுற்றி எடுத்துப் போனான்.
இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
"ஏட்டி, நாப்பத்தஞ்சே ஃபெயிலாயிட்டே."

அடுத்த செவ்வாய் இவருக்கு.
கால் நரம்பை உருவி நெஞ்சில் தைத்தார்கள்.
தானாக அடிக்கச் சோம்பிய இதயத்துக்குத்
தொடை வழியாக ஒரு பலூனை அனுப்பி
மூன்று நாள் உடன் அடிக்க வைத்தார்கள்.
நான்காம் நாள் கண் விழித்துக் கேட்ட முதல் வார்த்தை
"பல்லாரி என்ன வெல?"

ஆறு மாதம் கழித்து அதே பிள்ளை,
அதே குளிர்ந்த பசை. முப்பத்தொன்று.
மூன்று மார்க்குக்காகவா
நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியது?
எனக்கு அழுகை முட்டியது.
"எண்ணை விடுங்கம்மா, ஆள் நடக்காரா?" என்றார் டாக்டர்.

நடக்கிறார்.
டவுன் ஆர்ச்சிலிருந்து நெல்லையப்பர் கோயில் வாசல் வரை
முன்பு நாலு இடத்தில் நின்றவர்
இப்போது ஒரே இடத்தில் நிற்கிறார்,
அதுவும் வாழைப்பழம் விலை கேட்கிற சாக்கில்.
மார்க்கெட்டில் உட்கார்ந்து மூட்டை எண்ணிச் சீட்டு எழுதுகிறார்.
இரவில் இரண்டு தலையணை.
தண்ணீர் ஒன்றரை லிட்டர், அளந்து.
என் முறத்துப் பக்கம் வந்தால் மட்டும்
கத்தரியைக் காட்டுவேன்.

நேற்று பேட்டையில் கணக்கப்பிள்ளை
ஒரு பீடிகூடக் கழிக்கவில்லை.
ஆயிரமும் சுத்தம் என்றார்.
எனக்கு அடிவயிறு கலங்கியது.
கூலியை எண்ணாமல் முடிந்துகொண்டு
ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

குழாயடியில் நின்றிருந்தார்,
பாதிக் குடம் தண்ணீரோடு.
முழுக் குடம் தூக்கக் கூடாது.
"என்னட்டி, இப்படி மூச்சு வாங்குத?" என்றார்.