ஒன்றாம் எண் கூண்டு

ஆவணி இருபத்தெட்டு.
தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுக்கும் வெயில்.
துறைமுகக் கொடிமரத்தில்
காலை ஆறுக்கெல்லாம் கூண்டை ஏற்றிவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டான் இருதயசாமி.
ஒன்றாம் எண்.
எங்கோ ஒடிசாவுக்குக் கிழக்கே
கடல் சுழலத் தொடங்கியிருக்கிறதாம்.

இந்த வாரத்தில் மூன்றாம் முறை
கண்ணாடியில் தாளை ஒட்டுகிறேன்:
இன்று கப்பல் இல்லை.
உப்புக்காற்றில் டேப் நிற்பதில்லை.
டிபன் பாக்ஸ் திறந்து
நான்கு சோற்றுப் பருக்கை எடுத்து
மூலைக்கு ஒன்றாக வைத்து அழுத்தினேன்.

வெளியே எழுபத்தோரு பேர்.
கும்பகோணத்தில் கூறைப்புடவை எடுத்துத்
திரும்புகிற யோகராணி
பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்.
"பிள்ளை, தட்டத்துத் தண்ணி மாதிரிக் கிடக்கு கடல்.
இதுக்கே பயப்பிடுறியள்?"
பெங்களூரிலிருந்து வந்த புது ஜோடிக்கு
மேல்தளத்தில் நின்று படம் எடுத்தாக வேண்டும்.
"ஒடிசாவுக்கும் எங்களுக்கும் என்னங்க சம்பந்தம்?"

நான் கடல் படித்தவள் இல்லை.
பி.காம்., திருக்குவளைப் பக்கம், வீட்டில் மூன்று மா நிலம்.
எனக்குத் தெரிந்த தண்ணீருக்கு முறை உண்டு;
எந்த மதகு எந்தக் கிழமை என்று
அதற்கும் ஒரு தாள் ஒட்டுவார்கள்.
இதற்கு யார் முறை வைப்பது?
அலை இரண்டரை மீட்டர்,
நான் எக்கிக் கை தூக்கினாலும் எட்டாது.
இங்கே இல்லை, முப்பதாவது கடல்மைலில்.
சொல்லும்போது எனக்கே
பொய் சொல்வது போலத்தான் இருக்கிறது.

பத்து மணிக்குக் காங்கேசன்துறையிலிருந்து துஷ்யந்தி.
ஒரு வருடமாகப் பேசுகிறோம், முகம் தெரியாது.
"இஞ்சயும் நல்ல வெயில்தான் அக்கா.
ஆனா போன கிழமை வந்த ஆக்கள்
ஒருத்தரும் நிமிந்து இறங்கேல்ல.
பை முடிஞ்சு, ஒரு ஐயா
தன்ர தொப்பிக்குள்ளயே சத்தி எடுத்தவர்."
சிரித்துவிட்டேன்.
எழுபத்தோரு பேரும் கண்ணாடி வழியே பார்த்தார்கள்.

மூன்றரைக்கு அப்பா.
கொள்முதல் நிலைய வாசலில் குறுவை நெல்
ஆறு நாளாகக் கிடக்கிறது. தார்ப்பாய் இரண்டுதான்.
"துறைமுகத்துலதானே இருக்க,
கேட்டுச் சொல்லேன், மழ வருமா?"
ஒன்றாம் எண்தான்பா, என்றேன்.
"அப்படின்னா?"
தூரத்துல எங்கயோ, என்றேன்.
"தூரத்துல இருக்கிறதுக்கு
இங்க ஏன் ஏத்துறாங்க?"

அவர் வைத்த பிறகும்
போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

நான்கரைக்கு மேற்கிலிருந்து வந்தது,
கடலுக்கு முதுகு காட்டி நின்றவர்கள்தான்
முதலில் பார்த்தார்கள்.
எல்லோரும் என் கவுன்ட்டர் கூரைக்கடியில்.
யோகராணி பெட்டியை மடியில் தூக்கிக்கொண்டார்.
புதுப்பெண் கையை வெளியே நீட்டி
மருதாணியில் மழை வாங்கினாள்.
கலங்கரை விளக்கம் வரைதான் தெரிந்தது;
அதற்கப்பால் கடல் இருந்த இடம் வெறும் சாம்பல்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
பருக்கை ஊறித் தாள் கீழே விழுந்ததையும்
யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

இரண்டு தார்ப்பாய்.
அப்பா எதை மூடியிருப்பார், எதை விட்டிருப்பார்.

ஐந்து மணிக்குக் கணக்கை முடித்துவிட்டு
அதே வாசகத்தில்
தேதிக்கு மட்டும் இடம் விட்டு
மூன்று பிரதி எடுத்து வைத்தேன்.