பிந்தியவர்

தாழையூத்து விலக்கில் லாரி
இருவரையும் சேர்த்தேதான் அடித்தது.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிச் சீட்டில்
இரண்டு பெயருக்கும் ஒரே நேரம்:
நாலு பத்து.

சட்டத்துக்கு அது காணாதாம்.
யார் முந்தி என்று தெரியாவிட்டால்
இளையவர்தான் பிந்திச் செத்தார் என்று
வைத்துக்கொள்ளுமாம்.

அத்தான் எல்லாவற்றையும் அக்கா பேருக்கு
எழுதிவைத்திருந்தார். அக்கா, என் பேருக்கு.
அவள் ஒரு மூச்சு கூட விட்டிருந்தால்
பேட்டை வீடும்
முக்கூடலில் எட்டு மரக்கால் விதைப்பாடும் எனக்கு.
இல்லையென்றால் அவர் தம்பி பாவநாசத்துக்கு.

உலகம்மாள் பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை.
ஆதாரில் உள்ளது, அவள் சொன்ன வயது.
அவள் சொன்னது,
கல்யாணத்துக்காக அப்பா திருத்திய ஜாதகம்.
அசல் ஜாதகம் என் பீரோவில்,
சேலைக்கு அடியில் கிடக்கிறது.
அத்தானைவிடப் பதினோரு மாதம் மூத்தவள்.

பாளையங்கோட்டைக் கோர்ட்டில் கூண்டேறினேன்.
"உங்க அக்கா அவரைவிட இளையவங்களா?"

ஸ்கூட்டரை உறுமவிட்டு அவர் தெருவில் நிற்பார்.
இவள் பூட்டை இழுத்துப் பார்ப்பாள்,
நாலு எட்டு வைத்துத் திரும்பிப் போய்
இன்னொரு தரம் இழுப்பாள்.

"அவ எப்பவும் பிந்தித்தான் வருவா, ஐயா."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா."